கம்பளிக்குள் தூங்கிய மீன்கள்

மத்தியான வேளையில் எங்காவது உட்கார்ந்தபடியே கண் செருகினால், எனக்கு முதலில் கேட்பது ஒரு சத்தம். தண்ணீருக்குள் காற்று குமிழ் குமிழாக ஏறி மேலே வந்து உடைகிற சத்தம். அதன் பின்னால் தூரத்தில் கப்பல் ஒன்று ஊதும். கண்ணாடி வழியாகப் பச்சை வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரியும். இது கனவா நினைவா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் கலந்தே இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டுக்கு மீன் தொட்டி அழகுக்காக வரவில்லை. அப்பா தூங்குவதற்காக வந்தது.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது எங்கள் வீடு. மாடியில் கூரைக்கு ஷீட்டு போட்ட ஒற்றை அறை, அதை ஒட்டி ஒரு சமையற்கட்டு, கீழே இறங்க ஒரு படிக்கட்டு. அவ்வளவுதான். அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து சந்துமுனையில் வைத்து விற்பாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும் வேலை. இரவு வேலை வாரத்தில் காலையில் வீடு திரும்பி, பகலில் தூங்கி எழுந்து, மறுபடியும் கிளம்பவேண்டும். நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தேன். தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த சமயம்.

பகலில் தூங்குவது எங்கள் சந்தில் லேசான காரியமல்ல. கன்டெய்னர் லாரிகள் சாலையில் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். கீழ்வீட்டில் ஐஸ் உடைப்பார்கள். கோணிக்குள் கட்டியைப் போட்டுக் கட்டையால் அடிக்கிற அடி நம் மண்டையிலேயே விழுவது போலிருக்கும். கோயில் மணி, குழாயடிச் சண்டை, சைக்கிளில் வரும் உப்புக்காரர், பழைய பேப்பர்காரர் என்று ஒருவர் போனால் ஒருவர் வருவார். அப்பா இதிலெல்லாம் பல வருடம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியவர்தான். ஷீட்டு கொதிக்கும், அவர் குறட்டை விடுவார்.

அது ஒரு நாள் நின்றுபோனது.

காலையில் வந்தவர் டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்தபடி நின்றார். அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சுவர் ஓரமாகப் படுத்திருந்தேன், எழுந்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

"மேல குந்திகினே தூங்கிட்டேன்மே," என்றார்.

கிரேனின் கொக்கியில் இரும்புக் குழாய்க் கட்டு தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒரு நொடிதான் என்றார் அப்பா. கண்ணை மூடினதும் தெரியாது, கை லீவரில் இருந்ததும் தெரியாது. கீழே நின்று கை காட்டுகிறவர் போட்ட கத்தலில்தான் விழித்திருக்கிறார். கட்டு அந்த ஆளின் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த ஆள் அப்பாவின் பழைய தோஸ்து. வேலை முடிந்து இறங்கியதும் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கிறார்: "மாமு, இந்த வாட்டி நான் யார்கிட்டயும் சொல்லல. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா நானே போய் சொல்லி உன்ன எறக்கிடுவேன். எனுக்கும் புள்ள குட்டி கீது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கிரேனிலிருந்து இறக்கிவிட்டால் அப்பாவுக்குத் தரையில் மூட்டை புரட்டுகிற வேலைதான். அதையாவது செய்துவிடுவார். ஆனால் மேலே உட்கார்ந்து கடலையும் ஊரையும் ஒருசேரப் பார்த்துப் பழகிய மனிதர் அவர். அதைவிட, கீழே நிற்கிற ஆளின் தலை அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. வேலையில் தூங்கக்கூடாது என்றால் வீட்டில் தூங்கவேண்டும். வீட்டில் தூங்கியே ஆகவேண்டும் என்று படுத்தால் எவனுக்குத் தூக்கம் வரும்? அப்பாவுக்கு வரவில்லை. ஷீட்டையே பார்த்தபடி கிடந்தார். கண்கள் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவந்துபோயின.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. பாலில் கசகசா அரைத்துக் கொடுத்தாள். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கண்ணுக்கு மேல் துணி கட்டிவிட்டாள். அந்தத் துணி இருட்டுக்குள்தான் குழாய்க் கட்டு இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று அப்பா அவிழ்த்துப் போட்டார்.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. அந்தப் பல்லுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லுவேன். பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்த இடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்திருக்கிறது. அதன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தவர், வலியோடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். டோக்கன் கூப்பிட்டதும் தெரியவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனதும் தெரியவில்லை. கடைசியில் கதவைப் பூட்டுகிறவர் எழுப்பி அனுப்பினார். பல்லோடு வீட்டுக்கு வந்து, வெட்கமும் சந்தோஷமுமாக அம்மாவிடம் சொன்னார்.

அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வாங்கிடலாம்," என்றாள்.

சந்து முழுக்கச் சிரித்தது. மீன்காரி வீட்டில் மீன் வளர்க்கப் போகிறார்களாம். குழம்பு வைக்கிறதுக்கு எத்தனை நாள் விடுவே என்று ஒருத்தி கேட்டாள். வஞ்சிரமா வவ்வாலா என்று இன்னொருத்தி. அம்மா எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தாள்: "உங்க வூட்டு ஆம்பள தூங்குறான்ல? அப்ப சொம்மா கெட."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். சென்ட்ரலுக்குப் பின்னால், கிளிக்கூண்டும் முயல்கூண்டும் தாண்டி உள்ளே போனால் மீன் கடைகள். வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள், நீலமும் பச்சையுமாக வெளிச்சம், எல்லாப் பக்கமும் குமிழி. சாயம் போட்ட கண்ணாடிக்குள் நடந்துபோகிற மாதிரி இருந்தது. அப்பாவின் முகத்தில் நீல வெளிச்சம் அசைந்தது. அவர் அங்கேயே ஒரு கொட்டாவி விட்டார். அம்மா அதைப் பார்த்து என் கையைக் கிள்ளினாள்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. எங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மீன் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அம்மா சொல்வதுதான். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே நல்ல மீன், துள்ளுகிற மீன். கண் பளபளவென்று இருக்கவேண்டும், தொட்டால் உதறவேண்டும், கூடையில் போட்டால் வெளியே விழவேண்டும். அந்தக் கண்ணோடுதான் அவள் தொட்டி தொட்டியாகப் போனாள். சும்மா மிதந்துகொண்டிருந்ததையெல்லாம் "ஐஸ்ல வச்ச மீனு" என்று ஒதுக்கினாள். கண்ணாடியைத் தட்டுவாள். தட்டின இடத்துக்குச் சீறிக்கொண்டு எது வருகிறதோ, அது.

"இத்த புடி," என்றாள் கடைக்காரரிடம். "எப்டி வருது பாரு. இதான் மீனு."

"அம்மா, இது திங்கிற மீன் இல்லமா," என்றார் அவர். "வலைய இப்டி குடு. செவுளெல்லாம் தூக்கிப் பாக்காத."

அப்படி வந்தவைதான் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப்கள். கூடவே சிவப்பு வால் வைத்த ஒரு கறுப்பு மீன். கடைக்காரர் அதைச் சுறா என்று சொன்னதும் அம்மா விலைகூடக் கேட்கவில்லை. நான் என் பங்குக்கு ஏஞ்சல் வேண்டுமென்று அடம்பிடித்தேன். நீளமான தோகையை விரித்துக்கொண்டு பூசைக்கு வருகிற பெண்களைப் போல அது நிதானமாகப் போகும். அப்பா ஓரத்தில் இருந்த சின்ன கப்பிகளைக் காட்டினார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அதற்குள் பிளாஸ்டிக் பைகளை வாங்கி ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அந்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெயில் பைகளுக்குள் புகுந்து என் பாவாடையில் வட்ட வட்டமாக ஆடியது. எனக்கு அந்தப் பயணம் முடியவே வேண்டாமென்று இருந்தது.

தொட்டியை அப்பாவின் தலைமாட்டில் வைத்தோம். முதல் நாளே போர் தொடங்கியது. டைகர் பார்ப்கள் ஏஞ்சலின் தோகையைச் சுற்றி நின்று கடித்தன. சுறா, தொட்டி முழுவதும் தன் பேரில் பத்திரம் ஆனது போல எல்லோரையும் விரட்டியது. ஏஞ்சல் தன்னைக் கடித்தவர்களை விட்டுவிட்டுக் கப்பிக் குஞ்சுகளை விழுங்கியது. அப்பா தூங்குவாரா? முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணினார்.

"டேய், வுடுறா அத்த. சின்னப்பயல போய் கட்ச்சினு கீற!" என்று கண்ணாடியைத் தட்டுவார். தட்டினால் பார்ப்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவரும். அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறும். பிய்ந்த தோகையோடு ஏஞ்சல் மூலையில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மாலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மா படியில் நின்று, அவர் சந்து திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டியின் பக்கம் திரும்பி, "கஸ்மாலம்," என்று சுறாவைத் திட்டினாள்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மூர் மார்க்கெட். கடைக்காரர் ஏஞ்சலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு விசயம் பாத்தா போதும்," என்றார். "ஒண்ணு வாயி. இதோட வாய்க்குள்ள அது நுழையும்னா என்னிக்கினா ஒரு நாள் நுழஞ்சிடும். ரெண்டாவது வாலு. நீட்டு வால் வச்சிகினு கீறவன் கூட கடிக்கிறவன வுடாத."

அப்பா தலையை ஆட்டியபடி தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குள் பேசுவது போல அம்மாவிடம் சொன்னார்: "நம்ம ஆர்பர் மாதிரிதான்மே. எண்ண கப்பல் நிக்கிற எடத்துல கரி கப்பல கட்ட மாட்டாங்க. கோதும எறக்குற எடத்துக்குப் பக்கத்துல கரிய கொட்ட மாட்டாங்க. ஆழம் கேக்குறதுக்கு ஆழம். நாம இன்னா பண்ணிட்டோம்? எல்லாத்தையும் ஒரே எடத்துல கட்டிப்போட்டோம்."

அன்றைக்கு அவர்தான் மீன் தேர்ந்தெடுத்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். எந்த மீன் தண்ணீரில் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். மேல்தண்ணீரிலேயே திரிகிற கப்பிகளை மேலுக்கு எடுத்தார். நடுவில் கும்பலாகப் போகிற நியான்களை நடுவுக்கு எடுத்தார். இவை விரல் நகத்தைவிடச் சற்று நீளம், உடம்பில் நீலக் கோடு, அதன் கீழே சிவப்பு. ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து ஒளிந்துகொள்ளும், கும்பலாக விட்டால்தான் தைரியமாக வெளியே வரும் என்று கடைக்காரர் சொன்னதால் ஒரு கும்பலாகவே வாங்கினோம். அடித்தரையில் மீசையை வைத்து மணலைக் கிளறிக்கொண்டு யார் வம்புக்கும் போகாத கோரிகளை அடிக்கு எடுத்தார். யாருடைய வாயும் யாரையும் விழுங்கும் அளவில்லை. யாருக்கும் கடிக்கிற புத்தி இல்லை. எல்லோருக்கும் தனித்தனி இடம்.

"நியான் சூடு தாங்காது," என்று எச்சரித்தார் கடைக்காரர். ஷீட்டு வீட்டில் சூட்டுக்கு எங்கே போவது? அதற்கு அம்மா வழி கண்டுபிடித்தாள். மீனுக்கு வாங்கும் ஐஸில் ஒரு துண்டை உடைத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டாள். செத்த மீனுக்கு வாழ்நாளெல்லாம் ஐஸ் போட்டவள், உயிருள்ள மீனுக்குப் போடுகிற அன்று கொஞ்சம் சங்கடப்பட்டாள். ஐஸ் பை மேலே மெதுவாகச் சுற்றிவரும். அதன் நிழல் மணலில் சுற்றிவரும். நிழல் தலைக்கு மேலே வரும்போது கோரிகள் கிளறுவதை நிறுத்தும், போனதும் தொடரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சீருடைகூட மாற்றாமல், காபி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். லாரிச் சத்தமெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட மாதிரி இருக்கும். நான் கரையில் இருக்கிறேனா தண்ணீருக்குள் இருக்கிறேனா என்று சந்தேகமாகக்கூட இருக்கும்.

தொட்டியில் சண்டை ஓய்ந்தது. எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

"இப்பதான் ஒண்ணும் சண்ட இல்லியேய்யா?" என்றாள் அம்மா.

"இல்ல. ஆனா எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துகினே கீறேன்," என்றார் அப்பா.

அந்த வாரம் தோஸ்து ஒரு மாலையில் வீட்டுக்கே வந்தார். டீ குடித்தார், மீன்களைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார், கிளம்பும்போது அப்பாவின் கண்களைப் பார்த்தார். இறங்கிப் போனார். அவர் அடுத்து யாரிடம் போவார் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

தொட்டி வந்த நாளிலிருந்தே அம்மாவுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. மத்தியானம் விற்றது போக மிஞ்சியதைக் கொண்டுவந்து சமையற்கட்டு வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்காருவாள். உட்காருவதற்கு முன்னால் தொட்டியின் மேல் கறுப்புக் கம்பளியை இழுத்து மூடிவிடுவாள். மார்கழியில் கிரேன் மேலே காற்று தாங்காது என்று அப்பா போர்த்திக்கொள்ளும் பழைய கம்பளி அது. ஊரறிய நடுச்சந்தில் உட்கார்ந்து நாளெல்லாம் மீன் வெட்டுகிறவளுக்கு இது என்ன வெட்கம் என்று நான் கேலி செய்தேன்.

"அதுங்க எதிர்ல வெட்டினா நல்லாவா இருக்கும்?" என்றாள். "பாத்துகினு இருக்குதுல்ல."

அன்று சங்கரா நிறைய மிஞ்சியிருந்தது. செதில் சுரண்டி, குடல் எடுத்து, கழுவி முடிக்க வெகுநேரமானது. எனக்குப் பரீட்சை விடுமுறை. படியோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா வழக்கம்போல் ஷீட்டைப் பார்த்துக் கிடந்தார். அதிசயமாக லாரிகள் கூட ஓய்ந்திருந்தன. குமிழிச் சத்தம் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்பளியை விலக்கினாள்.

விலக்கியவள் அப்படியே நின்றாள். "போச்சு," என்றாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நியான்களில் நீலம் இல்லை, சிவப்பு இல்லை. எல்லாம் வெளுத்துப்போய், சோற்றுக் கஞ்சி நிறத்தில், அடியை ஒட்டி அங்கங்கே அசையாமல் நின்றன. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அம்மாவுக்கு இதில் இரண்டாவது பார்வையே தேவையில்லை. நிறம் வெளுத்தால், அசைவு நின்றால், அந்த மீனின் கதை முடிந்தது. ஊரில் ஒரு மீன் எப்போது செத்தது என்பதைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவள். கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, ஒன்றை உள்ளங்கையில் அள்ளி வெளியே எடுத்தாள்.

அது துள்ளியது. அவள் விரல்களுக்கு மேலே எகிறி, தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்து ஓடியது. அந்த அலையில் மற்றவையும் சிதறி ஓடின. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒவ்வொன்றாகத் திரி தூண்டிவிடுவது போல, அந்த நீலக் கோடுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

அம்மா ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சாவல," என்றாள். "தூங்கினு இருந்துதுங்க. நான் போய் எழுப்பிட்டேனே." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். மீனுக்காக அழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். "கண்ணு தெறந்துகினு இருந்துச்சே?" என்று கேட்டார்.

"அதுங்களுக்கு மூட எங்கய்யா இமை கீது? எப்பவும் தெறந்துகினுதான் கீது."

அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். மூக்கால் தொடங்கித் தோளில் முடிகிற சிரிப்பு. "மீன்காரியே ஏமாந்துட்டா," என்றார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்கமுடியும் என்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் படுத்தே வளர்ந்த எனக்கு அது அவ்வளவு அதிசயமாக இல்லை. "மறுபடி மூடு. எப்டி தூங்குதுங்கன்னு நான் பாக்கணும்," என்றார்.

அம்மா மூடினாள். அப்பா தலையணையைத் தொட்டியோடு ஒட்டிப்போட்டுப் படுத்து, கம்பளியின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டார். வெளியே மார்புக்குக் கீழேதான் தெரிந்தது. "இன்னும் முழிச்சினு கீது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "மேல கீற கப்பி நின்னுடுச்சி." பிறகு இன்னும் மெதுவாக, "நீலம் போவுது... ஒண்ணு... அப்பால அதோ..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

நானும் அம்மாவும் அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கட்டைவிரல்கள் தளர்ந்தன. பிறகு இரண்டு பாதங்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்தன. கம்பளிக்குள்ளிருந்து குறட்டை வந்தது. அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்துக் கீழே பழைய பேப்பர்காரர் குரல் கொடுத்தார். அம்மா படியில் பறந்து இறங்கினாள்.

"யோவ், வூட்ல ஆள் தூங்குது," என்றாள். அதட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது.

அன்றைக்குக் கோயில் சாயங்கால மணி அடிக்கும்வரை அப்பா தூங்கினார்.

அதற்குப் பிறகு இரவு வேலை வாரமெல்லாம் எங்கள் வீட்டில் மத்தியானம் என்பது ஒரு கறுப்புக் கம்பளிதான். ஒரே இருட்டுக்குள் மீன்களும் அப்பாவும் தூங்குவார்கள். அவர் எழுந்திருக்கும்வரை மீன்களுக்கும் விடியாது. பார்த்துக்கொண்டிருப்பதில் வராத தூக்கம், தூங்குகிறவர்களோடு சேர்ந்து படுத்ததில் வந்துவிட்டது. நியான்கள் செத்தால் அப்பா போய் அதே நியான்களை வாங்கிவருவார். புதிதாக ஒரு மீன் வேண்டுமென்று நான் கேட்டால், அது எப்படித் தூங்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வரச்சொல்லுவார். இரவில் திரிகிற மீன் எங்கள் வீட்டுக்கு ஆகாது. தோஸ்து மறுபடி ஒரு நாள் டீ குடிக்க வந்து, அப்பாவின் கண்களைப் பார்த்துவிட்டு, ரெண்டாவது டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பாவைக் கிரேனிலிருந்து யாரும் இறக்கவில்லை. ஓய்வு பெறுகிற நாளில் அவராகத்தான் இறங்கினார்.

அந்த வருடங்களில் அம்மா படிக்கட்டில் இருந்தாள். விடியுமுன் காசிமேடு, காலையெல்லாம் சந்துமுனை, மத்தியானம் சமையல், அது முடிந்ததும் படிக்கட்டு. யார் வந்தாலும் அதே வார்த்தை. நாளடைவில் ஐஸ் உடைப்பவர்கள்கூட கோணியைத் தெருமுனைக்குத் தூக்கிப் போனார்கள். வீட்டில் யார் தூங்கினார், யாருக்குத் தூக்கமில்லை என்று பேசின பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான்.

நான் கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போய்விட்டேன். அப்பா ஓய்வு பெற்ற வருடம், ஒரு நாள் அவர்களைப் பார்க்க வந்திருந்தேன். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். அம்மா அரிவாள்மனையைப் போட்டு, வழக்கம்போல் தொட்டியை மூடினாள். நான் கீழே பின்பக்கக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திடீரென்று அப்பாவின் குரல், நான் கேட்டேயிராத ஒரு குரல், என்னைக் கூப்பிட்டது.

"பாப்பா! ஓடியா! அம்மாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சி!"

மேலே ஓடினேன். வெட்டத் தொடங்கிய மீன் அரிவாள்மனையின் பக்கத்தில் அப்படியே கிடந்தது. அம்மா தொட்டியின் பக்கத்தில் தரையில் சாய்ந்திருந்தாள். தலை கம்பளிக்குள் இருந்திருக்கிறது. அப்பா கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. பச்சை வெளிச்சம் அந்தக் கண்களில் அசைந்துகொண்டிருந்தது.

நான் மூச்சை விட்டேன். "தூங்குது நைனா."

"கண்ணு தெறந்துகினு கீதுடி!"

"அம்மா அப்படித்தான் தூங்கும். எப்பவுமே."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து, புறங்கையை அம்மாவின் மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இரவில் அவர் வீட்டிலிருந்த வாரங்களில் விளக்கை அணைத்த பிறகுதான் அம்மா படுப்பாள். அவர் கண் விழிக்கும்போது காசிமேட்டில் இருப்பாள். பகலில் அவர் தூங்கும்போது படிக்கட்டில் இருப்பாள்.

"இத்தினி வருசத்துல," என்றார் அப்பா, "இவ தூங்கி நான் பாத்ததே இல்ல பாப்பா."

நியான்களின் நீலத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பளியை அவள் முகம் மறைய, தொட்டியும் மறைய, ஓசைப்படாமல் இறக்கிவிட்டார். அரிவாள்மனையையும் மீனையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். வாழ்நாளில் மீன் வெட்டியறியாத மனிதர். செதிலைச் சுரண்டத் தெரியாமல் சுரண்டினார், அது சட்டையெல்லாம் தெறித்தது.

கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்கள். அப்பா எட்டிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.

"யோவ்," என்றார், "வூட்ல ஆள் தூங்குது."